ரப்பர் பூச்சு எந்த ஒழுக்கை நிறுத்தும்?

ஜூன் நடுவில் பருவமழை வங்காளத்தில் இறங்கியதும் ஹவுராவின் பெயிண்ட் கடைகளில் ரப்பர் பூச்சு டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. சிலவற்றைக் குலுக்கி ஸ்ப்ரே அடிக்கலாம். சிலவற்றை பிரஷ்ஷில் தொட்டுத் தடவலாம். இருபது லிட்டர் வாளியாக வாங்கிவந்து மொட்டை மாடி முழுக்க ரோலர் போடுவோரும் உண்டு. வீட்டுக்குள் சொட்டும் தண்ணீரை ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்பதுதான் இவை எல்லாம் தரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழுப் பொய் இல்லை. ஆனால் அது எந்தக் கூரையில் பலிக்கும், எந்தக் கூரையில் பணத்தோடு கூரையையும் கெடுக்கும் என்பது டப்பாவின் மேல் இருப்பதில்லை. அதை இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஹவுராவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இந்தியாவில் பெயிண்ட் தொழில் வேர்விட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. ஷாலிமார் பெயிண்ட்ஸ் 1902-ல் அங்கே தொடங்கியது. 1923-ல் ஹாட்ஃபீல்ட்ஸ் என்ற பெயரில் ஹவுராவில் சிறிய ஆலையாக இருந்த நிறுவனம்தான் இன்றைய பெர்ஜர் பெயிண்ட்ஸ். 1935-ல் தொடங்கிய ஷாலிமார் தார் ப்ராடக்ட்ஸ் கூரைகளுக்கான தார்ப் பொருள்களைச் செய்தது. ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில், கொல்கத்தாவில், 1920-ல் சுரேந்திர மோகன் போஸ் பெங்கால் வாட்டர்ப்ரூஃப் நிறுவனத்தைத் தொடங்கி, துணியில் ரப்பர் ஏற்றி டக்பேக் மழைக்கோட்டுகளை நாடெங்கும் அனுப்பினார். நீரைத் தடுக்கும் பூச்சு அந்த வட்டாரத்துக்கு நூறு வருடப் பழக்கம். அதே ஊரில் மூன்று விதமான கூரைகள் அடுத்தடுத்து நிற்கின்றன: நூறு வயதான சுண்ணாம்புக் காரைக் கூரை, கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் எழுந்த கான்கிரீட் கூரை, வார்ப்புப் பட்டறைகளின் தகரக் கூரை. கடையில் மூன்றுக்கும் ஒரே டப்பாவைத்தான் எடுத்துத் தருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மழையின் அளவை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொல்கத்தா வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியின் மேல் ஓராண்டில் விழுவது ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். இவ்வளவும் மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே இறங்கிவிட்டால் பூச்சுக்கு வேலை குறைவு. குழாய் வாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டு மாடியில் குளம் கட்டினால், எந்தப் பூச்சும் அதிக நாள் தாங்காது. ஒழுகும் வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் காசே செலவில்லை: மாடி ஏறி மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்வது. அடுத்தது வாட்டத்தைப் பார்ப்பது. பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

ரப்பர் பூச்சு என்று பொதுவாகச் சொன்னாலும் டப்பாவுக்குள் இருப்பவை வெவ்வேறு பொருள்கள். ஸ்ப்ரே டப்பாக்களில் பெரும்பாலும் தார் வகைப் பொருளும் அதைக் கரைக்கும் சால்வென்டும் இருக்கும். வாளிகளில் வரும் வெள்ளைப் பூச்சு அக்ரிலிக். தண்ணீரில் கலந்தது, காய்ந்தபின் ரப்பர்போல இழுபடும், வெயிலைத் திருப்பி அனுப்பி அறையின் சூட்டையும் கொஞ்சம் குறைக்கும். கறுப்பாக வருவது தாரில் ரப்பர் பால் சேர்த்தது. விலை குறைவு, நன்றாகப் பிடிக்கும். நேர் வெயிலில் சில ஆண்டுகளில் வறண்டு வெடித்துவிடும். பாலியூரிதேன் விலை அதிகம், உறுதியும் அதிகம். சிலிகோன் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், ஆனால் பிற்பாடு அதன்மேல் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது. அக்ரிலிக்குக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. நாள்கணக்கில் ஊறினால் இளகி, தோலாக உரியும். எனவே கடைக்காரரிடம் ‘ரப்பர் கோட்டிங்’ என்று மட்டும் கேட்காதீர்கள். எது என்று பெயர் சொல்லி வாங்குங்கள்.

இந்தப் பூச்சுகள் தோற்கும் இடங்களில் முதலாவது, தடிமன். காய்ந்தபின் ஒரு மில்லிமீட்டராவது இருந்தால்தான் மாடியில் அது நீர்த்தடுப்பாக நிற்கும். பத்துச் சதுர அடியில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரும். அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போனபின் பாதிதான் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் அரை மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் பத்துச் சதுர அடிக்கு இரண்டு லிட்டர். ஐந்நூறு சதுர அடி மாடிக்கு நூறு லிட்டர், அதாவது ஐந்து வாளி. ஒப்பந்தக்காரர் ஒரே வாளியோடு வந்து, தாராளமாகத் தண்ணீர் கலந்து, அதே ஐந்நூறு சதுர அடியையும் மாலைக்குள் வெள்ளையாக்கிவிட்டுப் போனால், அங்கே காய்ந்து நிற்பது கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். அடுத்த ஆடியில்தான் வித்தியாசம் தெரியும். வேலை தொடங்குமுன் வாளிகளை எண்ணிப் பாருங்கள். முதல் கோட்டுக்குத்தான் தண்ணீர் கலக்கலாம், அதுவும் டப்பாவில் சொன்ன அளவுக்கே. அடுத்த கோட்டுகள் அப்படியே போக வேண்டும், ஒன்று காய்ந்தபின் மற்றொன்று, முந்தையதற்குக் குறுக்குத் திசையில்.

இரண்டாவது, விரிசல். டப்பாவின் மேல் இருநூறு விழுக்காடு நீளும், முந்நூறு விழுக்காடு நீளும் என்று போட்டிருப்பார்கள். அது பூச்சைத் தனியாக ஒரு பட்டையாக வார்த்து இழுத்துப் பார்த்த கணக்கு. கூரையில் அப்படி நடப்பதில்லை. கான்கிரீட் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். பத்து மீட்டர் நீளக் கூரையின் வெப்பநிலை முப்பது டிகிரி மாறினால் நீளம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மாறும். அந்த அசைவின் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும் விரிசலில்தான் வந்து விழும். மயிரிழை விரிசல் ஒன்று 0.2 மில்லிமீட்டர் அகலம் இருந்து 1 மில்லிமீட்டராகத் திறந்தால், இருபுறமும் கெட்டியாக ஒட்டிய பூச்சில் அந்த 0.2 மில்லிமீட்டர் துண்டு மட்டும் ஐந்து மடங்காக நீள வேண்டும். நானூறு விழுக்காடு. அறுந்துபோவதில் வியப்பில்லை.

நல்ல கொத்தனார் இதற்கு வழி வைத்திருக்கிறார். விரிசலைச் சுரண்டி வாய் அகலமாக்கி, தூசி போக ஊதி, இழுபடும் சீலன்ட்டால் நிரப்புவார். அதன்மேல் ஓர் அங்குல அகலத்துக்குப் பூச்சு ஒட்டாதபடி ஒரு டேப் வைப்பார். அதற்கு மேல் ஃபைபர் மெஷ் பதித்துப் பூச்சு. இப்போது அதே 0.8 மில்லிமீட்டர் அசைவை இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை பங்கிட்டுக்கொள்கிறது. நீள வேண்டியது மூன்று நான்கு விழுக்காடுதான். ஒரு முழ டேப்புக்கு ஆகும் செலவு என்ன பெரிது? ஆனால் இந்த வேலையை விட்டுவிட்டு விரிசலின் மேலேயே நேராக ரோலர் உருட்டுவதைத்தான் பெரும்பாலான மாடிகளில் காண்கிறோம். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையிலும் இதே கவனம் வேண்டும். அந்த மூலையை முதலில் கலவையால் உருட்டிவிட்டு, பூச்சைச் சுவரில் ஓரடியாவது ஏற்ற வேண்டும். மாடி ஒழுக்கில் பெரும்பகுதி தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. இந்த மூலையிலும் குழாய் துளைத்துச் செல்லும் இடங்களிலும்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, ஒட்டும் பரப்பு. வங்காள மழையில் மாடி பச்சையாகப் பாசி பூத்து வழுக்கும். பாசியின் மேல் அடித்த பூச்சு பாசியைத்தான் பிடித்துக்கொள்ளும், தளத்தைப் பிடிக்காது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, கழுவி, முழுக்க உலரவிட வேண்டும். உலர்ந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிட்டு, மறுநாள் வரை, குறைந்தது பதினாறு மணி நேரம், விட்டு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்துகள் நின்றால் கூரைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்போது அடிக்கும் பூச்சு வெயில் ஏறும்போது கொப்பளிக்கும். டக்பேக் மழைக்கோட்டை நனையுமுன் போட்டவருக்கு உடம்பு நனையாது. தொப்பலாக நனைந்தபின் போட்டவருக்கு ஈரம் உள்ளேயே நிற்கும். கூரையும் அப்படித்தான்.

ஹவுராவின் பழைய வீடுகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. ஷிப்பூர், சால்கியா சந்துகளில் உள்ள பழைய வீடுகளின் கூரைமேல் இடும் சுண்ணாம்புக் காரைத் தளத்தை அங்கே ஜல்சாத் என்பார்கள். கீழே மர உத்திரங்கள் அல்லது இரும்பு உத்திரங்கள், அவற்றின் குறுக்கே சட்டங்கள், அதன்மேல் செங்கல் ஓடு, அதற்கும் மேல் உடைத்த செங்கல் ஜல்லி, செங்கற்பொடி, சுண்ணாம்பு கலந்த காரை. அந்தக் காரையை மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். வரிசையாக உட்கார்ந்து அடித்தவர்கள் தாளத்தோடு பாடிய கூரை அடிப்புப் பாடல்கள் வங்க நாட்டுப்பாடல்களில் தனி வகையாகவே நிற்கின்றன. நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் இதற்கு நெருங்கிய உறவு: தேக்கு உத்திரம், அதன்மேல் குத்துக்கல்லாக அடுக்கிய சிறு செங்கல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை, மேலே தட்டோடு. ஜார்ஜ் டவுன் பழைய வீட்டில் வளர்ந்தவர் ஹவுராவில் ஒரு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தெரிந்ததாகவே இருக்கும்.

இந்தக் கூரை தண்ணீரைத் தடுக்கும் விதம் வேறு. சுண்ணாம்புக் காரை மழையில் கொஞ்சம் ஈரம் வாங்கும், வெயிலில் அதை வெளியே விடும். சிறு வெடிப்பு விழுந்தால், கரைந்த சுண்ணாம்பு அதிலேயே மீண்டும் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். பல தலைமுறை நிற்க இந்தக் குணமே காரணம். அதன்மேல் நீராவி நுழையாத ரப்பர் படலத்தைப் போர்த்தினால் மேலே போகும் வழி அடைபடுகிறது. கைப்பிடிச்சுவர் வழியாகவோ, விட்டுப்போன ஒரு மூலை வழியாகவோ உள்ளே போகும் தண்ணீர், மேலே ஆவியாக முடியாமல் கீழே தேடுகிறது. உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் இடம்தான் அதற்குக் கிடைக்கிறது. மரமாக இருந்தால் அங்கே மக்கும். இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும். துரு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் சுவரையே பிளக்கும். மேலே பார்த்தால் மாடி பளிச்சென்று இருக்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத முனையில் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே என் கருத்து தெளிவானது: நல்ல நிலையில் உள்ள ஜல்சாத் மேலும் மெட்ராஸ் டெரஸ் மேலும் ரப்பர் பூச்சு போடக் கூடாது. பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே பழுது பார்க்க வேண்டும், தட்டோட்டின் இணைப்புகளைத் திரும்ப அடைக்க வேண்டும், வாட்டத்தைச் சீராக்க வேண்டும். சுண்ணாம்புக் காரைக் கூரை வேலைக்கும் மெட்ராஸ் டெரஸ்ஸுக்கும் இந்திய தர நிர்ணய அமைப்பின் விதிமுறைகளே இருக்கின்றன, முன்னதற்கு ஐ.எஸ். 3036, பின்னதற்கு ஐ.எஸ். 2119. இந்த வேலை தெரிந்த கை இன்று குறைந்துவிட்டது என்பது உண்மை. தேடினால் இன்னும் கிடைக்கிறது என்பதும் உண்மை.

பழைய வீடுகளில் இன்னொரு எதிரி செடி. கார்னிஸிலும் கைப்பிடிச்சுவரிலும் பறவை போட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் முளைக்கும். தண்டை ஒடித்துவிட்டு மேலே பூச்சு அடிப்பது வழக்கமாகிவிட்டது. வேர் உள்ளே உயிரோடு இருந்தால் அடுத்த மழைக்கு அது பூச்சைக் கிழித்துக்கொண்டு வரும், அதற்குள் செங்கல்லையும் நகர்த்தியிருக்கும். அந்த இடத்தைப் பிரித்து வேரை முழுதாக எடுத்துக் கட்டுவது ஒன்றே வழி.

தகரக் கூரைகளில்தான் இந்தப் பூச்சு தன் பெயரைக் காப்பாற்றுகிறது. ஹவுராவின் பட்டறைகளிலும் குடியிருப்புகளிலும் தகரம் ஒழுகுவது பெரும்பாலும் போல்ட் துளையில், அல்லது ஒரு தகரம் மற்றொன்றின் மேல் ஏறும் இடத்தில். தளர்ந்த போல்ட்டை முறுக்கி, நைந்த வாஷரை மாற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, ப்ரைமர் அடித்தபின் ரப்பர் பூச்சோ பியூட்டைல் டேப்போ போட்டால் பல மழைக்காலம் நிற்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. பறக்கும் நார் நுரையீரலுக்குள் போய் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுவிடும். ஏறி நிற்கவும் கூடாது. பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காமல் உடையும்.

குழாய்க் கசிவுக்கு இந்த ஸ்ப்ரேயை வாங்குவோர் அதிகம். மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழ்த்தளக் குழாயில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ அழுத்தம். வெளியிலிருந்து தடவிய படலத்தை அது உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் நிற்கலாம். அந்தக் குழாய்த் துண்டை மாற்றுவதுதான் தீர்வு. குடிநீர்த் தொட்டியின் உட்புறத்தில், குடிநீருக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருந்தாலன்றி எதையும் அடிக்காதீர்கள். கேஸ் குழாயில் எந்த நிலையிலும் வேண்டாம். சால்வென்ட் உள்ள ஸ்ப்ரேயை மூடிய குளியலறையில் அடிப்பதும், அருகே அடுப்பு எரிய அடிப்பதும் உயிரோடு விளையாட்டு.

உள்ளே, கூரையின் அடிப்பக்கமாகப் பூச்சு அடிப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டும். மேல்மாடி வாடகைக்காரருக்கு மொட்டை மாடியின் மேல் உரிமை இல்லை. பழைய குறைந்த வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்குச் செலவு செய்ய மனம் இல்லை. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, ஆனால் நனைவது ஒரே குடும்பம். வேறு வழியின்றி அவர்கள் உள்ளே நாற்காலி போட்டு ஏறி, ஈரமான இடத்தில் தடவுகிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர் மேலிருந்து அந்தப் படலத்தைத் தள்ளும்; சில வாரங்களில் பை போலத் தொங்கி உரியும், அல்லது தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து மின்விசிறிக் கொக்கியருகே இறங்கும். அதைவிட மோசம், உள்ளே கம்பி துருவேறிக் காரை பொரிவதை அந்தப் பூச்சு மறைத்துவிடுவது. சுவரின் அடிப்பாகத்தில், தரையிலிருந்து மூன்று நான்கு அடிவரை ஓதம் ஏறி உப்புப் பூக்கிறதா? அது மழை ஒழுக்கே இல்லை, மண்ணிலிருந்து ஏறும் ஈரம். ஹூக்ளிக் கரையின் தாழ்ந்த நிலத்தில் அது சாதாரணம். அங்கே ரப்பர் பூச்சு அடித்தால் ஈரம் ஆவியாக வழியின்றி இன்னும் மேலே ஏறும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை நேரமே காட்டிக்கொடுக்கும். மழை பெய்த சில நிமிடங்களில் சொட்டினால் நேரான துளை அல்லது விரிசல். மழை விட்டுப் பல மணி நேரம் கழித்துச் சொட்டினால் காரைக்குள் ஊறி நகர்ந்து வருகிறது. சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. மழையே இல்லாத மார்ச் மாதத்திலும் சொட்டினால் மேல்வீட்டுக் குளியலறையையோ குழாயையோ பாருங்கள். கான்கிரீட் மாடியில் பூச்சு வேலை முடிந்தபின் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திச் சோதிக்கலாம். உத்திரக் கூரையில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. நூறு சதுர மீட்டரில் ஓர் அங்குலத் தண்ணீர் இரண்டரை டன் எடை. மக்கிய உத்திரம் அதைத் தாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வேலைக்கு ஏற்ற காலம் ஊருக்கு ஊர் மாறும். ஹவுராவில் துர்கா பூஜைக்குப் பின் மழை விலகி, நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல உலர்ந்த நாள்கள். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனி காய்ந்தபின் தொடங்க வேண்டும். காலவைசாகிப் புயல் மழை ஏப்ரலில் வந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். சென்னையில் அதே நவம்பர்தான் மிக மோசமான மாதம். பிப்ரவரி முதல் மே வரை செய்வது நல்லது. ஜூலையில் ஹவுராவிலும் நவம்பரில் சென்னையிலும் ஒழுகத் தொடங்கினால் அப்போதைக்கு நல்ல தார்ப்பாய் விரித்துக் கட்டுங்கள். ஈரத்தின் மேல் அவசரப் பூச்சு வேண்டாம்.

இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் சொட்டுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உலர்ந்த காலத்தில் கொத்தனாரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள். கான்கிரீட் மாடியோ தகரமோ என்றால் மேலே சொன்ன முறையோடு ரப்பர் பூச்சைத் தயங்காமல் பயன்படுத்தலாம். சுண்ணாம்புக் கூரை என்றால் டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். உத்திரம் தொய்ந்திருந்தாலோ, காரை உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, அந்த அறையில் யாரையும் படுக்கவிடாமல் பூச்சுக்கு ஒதுக்கிய பணத்தைக் கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கொடுங்கள். 1856-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி ஷிப்பூரிலேயே இருக்கும் ஹவுராவில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. உங்கள் ஊரிலும் அது கடினமாக இருக்காது.